பனியன் கம்பெனியில் இருந்துகொண்டே பத்தாவதும் பிளஸ் 2-வும் எழுதினேன்

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குப் போய்க் கேட்டாலும், ஒரு லைனில் நாலைந்து பேராவது பத்தாவது முடிக்காதவர்களாக இருப்பார்கள். எட்டாவதோடு நின்றவர், ஒன்பதாவதில் நின்றவர், பத்தாவதில் கணக்கில் மட்டும் போனவர் என்று. வேலையில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. "என்ன படிச்சிருக்கே?" என்று யாராவது கேட்டால் மட்டும் குரல் இறங்கிவிடும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. 29 வயதில் பத்தாவதைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல் வெளியிலிருந்து, எழுதினேன். அப்புறம் பிளஸ் 1, பிளஸ் 2. இப்போது தொலைநிலைக் கல்வியில் பி.காம். படித்துக்கொண்டிருக்கிறேன். என் லைன் பெண்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டி பக்கம். அப்பா தறிக்காரர். அவருக்கு நெஞ்சுவலி வந்த வருடம் வீட்டில் யாராவது சம்பாதித்தாக வேண்டிய நிலை. மூத்தவள் நான். தெரிந்த அக்கா ஒருவர் திருப்பூரில் செக்கிங் வேலையில் இருந்தார், அவரோடு கிளம்பிவிட்டேன். யார் மேலும் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் அன்றைக்கு யாராவது ஒருவர், "பள்ளிக்கூடம் போகாமலேயே பத்தாவது எழுதலாம்மா" என்று சொல்லியிருந்தால் பல வருடம் மிச்சமாகியிருக்கும். அந்த ஒரு வரி தெரியாமல்தான் ஏகப்பட்ட பெண்கள் அப்படியே நின்றுவிடுகிறார்கள்.

பத்தாவது சான்றிதழுக்கு இப்போது என்ன மதிப்பு, எங்கே பார்த்தாலும் டிகிரி முடித்தவர்களே சும்மா இருக்கிறார்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிகிரி இருக்கிறவர்கள் பேசுகிற பேச்சு அது. பத்தாவது இல்லாதவர்களுக்கு எந்தெந்தக் கதவு மூடுகிறது என்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுத, கிராம நிர்வாக அலுவலர் பதவி உட்பட, அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ சேர, ஐ.டி.ஐ.யில் பல தொழிற்பிரிவுகளுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் படி. படித்துவிட்டு வேலை இல்லாதவர்களுக்கு மாநில அரசு தரும் மாத உதவித்தொகையில்கூட பத்தாவது தவறியவருக்கு 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் 2-வுக்கு 400, பட்டதாரிக்கு 600 என்று வைத்திருக்கிறார்கள். தொகை சின்னதுதான். ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு விலை போட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பாஸ்போர்ட் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பத்தாவது தேறாதவர்களுக்குப் பொதுவாக ஈ.சி.ஆர். வகை பாஸ்போர்ட்தான் கிடைக்கும். சவூதி, கத்தார், குவைத், ஓமன், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அந்த பாஸ்போர்ட்டோடு வேலைக்குப் போவதென்றால் குடிபெயர்வு அனுமதி வாங்கியாக வேண்டும். என் தம்பி முதல் தடவை வளைகுடாவுக்குக் கிளம்பியபோது அந்த அனுமதிக்காக ஏஜென்ட் பின்னால் அலைந்த அலைச்சல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊருக்கு வந்திருந்த சமயத்தில் அவனும் விட்டுப்போன பாடங்களை எழுதி பத்தாவதைத் தேறினான். அந்த மார்க் ஷீட்டைக் காட்டி மறுபடி பாஸ்போர்ட் எடுத்தபோது ஈ.சி.ஆர். போய்விட்டது. அடுத்த வேலைக்கு ஏஜென்ட் சொன்ன கூலிக்குத் தலையாட்ட வேண்டிய அவசியம் அவனுக்கு இருக்கவில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். செக்கிங்கில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தேன். துணியைத் தூக்கிப் பார்த்தாலே தையல் விட்டிருக்கிறதா, ஆயில் கறை இருக்கிறதா, அளவு மாறியிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். புதிதாகச் சேரும் க்யூ.சி. (தரம் பார்க்கும் பிரிவு) பையன்களுக்கு நான்தான் வேலை பழக்குவேன். ஆறு மாதத்தில் அவர்கள் ஸ்டாஃப் ஆகி மாதச் சம்பளத்துக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் சனிக்கிழமைச் சம்பளத்தில் அதே மேஜையில் நிற்பேன். ஆபீசில் கேட்டபோது, "உன் வேலை தெரியும்மா, ஃபைலில் வைக்க ஒரு சர்டிபிகேட் வேணுமே" என்றார்கள். சொன்ன ஆள் நல்ல மனுஷன்தான். அவர் கையிலும் எதுவும் இல்லை. அன்றைக்கு ராத்திரியே வீட்டுக்காரரிடம் சொன்னேன், பத்தாவது எழுதப் போகிறேன் என்று. "எழுது, ஒன்றரை ஷிப்ட் போகாதே, சமாளிச்சுக்கலாம்" என்றார்.

செலவுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தேர்வுக் கட்டணம் பெரிய தொகை இல்லை. புத்தகமும் காசில்லாமல் கிடைக்கும். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்களை போனில் பி.டி.எஃப்.பாக இறக்கிக்கொள்ளலாம். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்துகிறார்கள். உண்மையான செலவு அரை ஷிப்ட் சம்பளம்தான். சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வருவதா, எட்டரை வரை நின்று ஒன்றரை ஷிப்ட் போடுவதா என்று ஒவ்வொரு நாளும் முடிவெடுக்க வேண்டியிருக்கும். வாரத்தில் எந்தெந்த நாள் ஒரு ஷிப்ட்டோடு வருவேன் என்று வீட்டிலும் சூப்பர்வைசரிடமும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டேன். "நேரம் கிடைச்சா படிக்கலாம்" என்று இருந்தவர்கள் யாரும் தேர்வு வரைக்கும் வந்து நான் பார்க்கவில்லை.

அப்புறம் காகித வேலை. இதில்தான் நிறையப் பேருக்கு ஒரு வருடம் வீணாகிறது. எட்டாவது முடித்திருந்தால் பத்தாவதை நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். பதினாலரை வயது முடிந்திருக்க வேண்டும். மேல்வயது வரம்பு கிடையாது. எட்டாவதே முடிக்காதவர்களுக்கு இ.எஸ்.எல்.சி. என்று தனித்தேர்வு இருக்கிறது, பன்னிரண்டரை வயது முடிந்த யாரும் எழுதலாம். இவை எல்லாவற்றையும் நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். விண்ணப்பத்தை நாமே வீட்டிலிருந்து போட முடியாது. மாவட்டந்தோறும் அவர்கள் அறிவிக்கும் சேவை மையத்துக்கு நேரில் போய்த்தான் பதிய வேண்டும். மார்ச், ஏப்ரல் தேர்வு என்றால் அறிவிப்பு முந்தைய டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும். தேதி தவறினால் கூடுதல் கட்டணத்தோடு தட்கலில் சில நாள் தருவார்கள்.

ஆனால் அதற்கும் பல மாதம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதுதான் அறிவியல் செய்முறைப் பயிற்சி. முதல் முறையாக எல்லாப் பாடமும் எழுதுகிறவர்கள் இந்தப் பயிற்சி வகுப்புக்கு மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகத் தனியாகப் பதிய வேண்டும். 80 சதவீத வருகை இருந்தால்தான் செய்முறைத் தேர்வுக்கே விடுவார்கள். அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 25 செய்முறைக்கு. தேற வேண்டுமானால் எழுத்தில் 20, செய்முறையில் 15 வேண்டும். டிசம்பரில் விண்ணப்பிக்கலாம் என்று சாவகாசமாக இருந்துவிட்டு, செய்முறைக்குப் பதியவில்லை என்று சேவை மையத்திலிருந்து திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்திலிருந்தே இயக்ககத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரியில்தான் செய்தி போடுவார்கள்.

அந்தப் பயிற்சிக்கு எனக்கு ஒதுக்கியது ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. போவதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. போனால் என்னைவிட மூத்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் லாரி டிரைவர். குவிலென்சின் குவியத்தூரம் கண்டுபிடிக்கும் சோதனை அன்றைக்கு. டீச்சர் லென்சை ஸ்டாண்டில் பொருத்தி, ஜன்னல் பக்கம் திருப்பி, பின்னால் வெள்ளைத் திரையை முன்னும் பின்னுமாக நகர்த்தச் சொன்னார். ஒரு இடத்தில் வரும்போது வெளியே நின்ற வேப்பமரம் இலை இலையாகத் திரையில் விழுந்தது, தலைகீழாக, கையளவில். காற்றில் கிளை ஆடியது திரையிலும் ஆடியது. டிரைவர் அண்ணன் அசந்துபோய், "இத்தனை வருஷமா கண்ணாடியில பார்த்துப் பார்த்து வண்டி ஓட்டுறேன், இதை யாரும் சொல்லலையே" என்றார். சின்னப் பிள்ளைகள் மார்க்குக்காக அவசரமாக முடிக்கிற சோதனையை நாங்கள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். வயதான பிறகு படிப்பதில் இப்படியும் ஒரு லாபம் இருக்கிறது.

மாற்றுச் சான்றிதழ் வாங்க ஊருக்குப் போனதைச் சொல்ல வேண்டும். படிப்பை நிறுத்தும்போது அந்தச் சான்றிதழை, டி.சி.யை, வாங்காமலே வந்திருந்தேன். எங்கள் பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் தேடினார்கள். நீள நோட்டு, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. அதில் என் பெயருக்கு நேரே பிறந்த தேதி மே மாதம் என்று இருந்தது. அம்மா சொல்வது ஆடி மாதம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது ஐந்து வயது நிறைய வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் வாத்தியார்களே ஒரு தேதியைப் போட்டுவிடுவார்கள், நம் ஊரில் பாதிப் பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் வருவது அதனால்தான். ஆதாரில் வேறு தேதி இருந்தது. ஆனால் டி.சி.யில் உள்ள தேதிதான் மார்க் ஷீட்டில் ஏறும், மார்க் ஷீட்டில் ஏறியதுதான் ஆயுள் முழுக்கச் செல்லும். அதனால் மற்ற ஆவணங்களை டி.சி.க்குத் தகுந்தபடி திருத்திக்கொள்வது புத்திசாலித்தனம். இனிஷியலும் அப்படித்தான். சேவை மையத்தில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்வார்கள். அச்சு எடுத்துக் கையில் தரும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். பின்னால் திருத்துவது பெரும்பாடு.

இனி படித்த கதை. எனக்குப் புரிவதில் கஷ்டம் இருக்கவில்லை. கஷ்டப்பட்டது கைதான். பத்து வருடத்துக்கு மேல் கையெழுத்துப் போடுவதைத் தவிர பேனா பிடிக்கவில்லை. அரைப் பக்கம் எழுதுவதற்குள் கட்டை விரல் இழுத்துக்கொள்ளும். மூன்று மணி நேரம் எப்படி எழுதப் போகிறேன் என்று பயந்தே போனேன். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். "முதல் மாசம் நீ எதையும் படிக்காதேம்மா, புத்தகத்தைப் பார்த்து எழுது போதும்" என்றார். தினமும் ராத்திரி தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். கை பழகப் பழக, எழுதியதும் மனதில் நின்றது. விட்டுப்போன படிப்பைத் தொடங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கணக்கில் அவர் எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன். கேள்வித்தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 14. இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10 எழுத வேண்டும். கடைசியாக எட்டு மதிப்பெண்ணில் இரண்டு கேள்வி, ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். அந்தக் கடைசி இரண்டும் சேர்ந்து 16. ஒரு மதிப்பெண் பகுதியைப் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளிலிருந்தே தயார் செய்தால் 14-ல் பெரும்பகுதி வாங்கிவிடலாம். தேர்ச்சிக்கு வேண்டியது 35. "பாதி வழி கடந்தாச்சு பாரு, இனி சுலபமான ரெண்டு மார்க் கேள்வி ஒரு ஏழெட்டு போதும்" என்றார். கணக்கு என்றாலே எனக்குள் இருந்த நடுக்கம் அந்த ஒரு பேச்சில் பாதி இறங்கியது.

வடிவியலில் நேராகக் காம்பஸை எடுக்கக் கூடாது. முதலில் உதவிப்படம், அதற்கு மதிப்பெண் உண்டு. வரைந்து முடித்த பிறகு வரைமுறையை ஒன்று, இரண்டு என்று எழுத வேண்டும், அதற்கும் உண்டு. வரைபடத்தில் அட்டவணை, அளவுத்திட்டம், புள்ளி குறிப்பது, வளைகோடு என்று பிரித்துப் பிரித்து மதிப்பெண் விழும். எக்ஸ் அச்சில் 1 செ.மீ. எத்தனை அலகு, ஒய் அச்சில் எத்தனை என்று மேலே வலது மூலையில் எழுத மறந்தால் கையில் வந்தது போச்சு. எனக்கு மிகவும் பிடித்தது பரவளையம். அட்டவணை சரியாக இருந்தால், டி-ஷர்ட்டின் கழுத்து வெட்டு மாதிரி நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் சமமாக வந்து விழும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எங்கேயோ ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கிறோம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். கோணல் கழுத்தைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

ஆங்கிலத்தையும் இப்படிப் பிரித்துத்தான் தாண்டினேன். மனப்பாடச் செய்யுள், கடிதம், விளம்பரம் தயாரிப்பது, படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதுவது, வழி தெரியாதவருக்கு வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது, இவற்றுக்கெல்லாம் ஒரு அச்சு இருக்கிறது. அச்சைப் பழகிவிட்டால் உள்ளே போடுகிற வார்த்தைகள் மட்டும்தான் மாறும். மனப்பாடப் பகுதிகளை என் குரலிலேயே போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டு கம்பெனி வேனில் போகும்போதும் வரும்போதும் கேட்டேன். திருக்குறளும் அப்படித்தான் ஏறியது. சமூக அறிவியலுக்குத் தனியாக எதுவும் செய்யவில்லை. கதை மாதிரி வாசித்தேன், வரைபடத்தில் இடம் குறிக்கப் பழகினேன், அவ்வளவுதான்.

2020 மார்ச் மாதக் கடைசியில் எங்களுக்குத் தேர்வு. செய்முறை முடிந்திருந்தது. அந்த வாரம்தான் ஊரடங்கு வந்தது. ஜூனில் தேர்வே ரத்து என்றார்கள், பள்ளி மாணவர்கள் 9 லட்சம் பேருக்கும் மேல் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். எனக்கு எத்தனை பேர் போன் செய்து வாழ்த்துச் சொன்னார்கள் தெரியுமா! ஆனால் தனித்தேர்வர்களுக்கு அது பொருந்தவில்லை. கம்பெனியும் மூடிக் கிடந்தது, கையில் காசில்லை, தேர்வு எப்போது என்றும் தெரியவில்லை. என்னோடு படித்தவர்களில் சிலர் அப்போதுதான் புத்தகத்தைக் கட்டி வைத்தார்கள். அவர்களை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. செப்டம்பரில் மாஸ்க் போட்டுக்கொண்டு போய் எழுதினோம். எழுதித் தேறினேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. அந்த வருடத்து மார்க் ஷீட்டை யார் என்ன சொன்னாலும், என்னுடையது எழுதி வாங்கியது.

ஒரு விஷயத்தை மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் ஐந்து பாடமும் தேற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேறிய பாடம் தேறியதுதான். தவறியதை மட்டும் துணைத் தேர்வில் எழுதினால் போதும். பயந்துபோய் இருப்பவர்கள் முதலில் மூன்று பாடத்தைத் தேறப் பாருங்கள். மூன்று கைக்கு வந்ததும் மீதி இரண்டை விட்டுவிட மனசு வராது.

மார்க் ஷீட் வந்து சில மாதத்தில் க்யூ.சி.யில் எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் கூடியதைவிட, மாதச் சம்பளம் என்று ஆனது பெரிய நிம்மதி. வேலை இல்லாத வாரம் என்ற பயம் போயிற்று. 2022 மே மாதம் பிளஸ் 1, 2023 மார்ச்சில் பிளஸ் 2. நேரடித் தனித்தேர்வர்களுக்குச் செய்முறை இல்லாத பாடப்பிரிவுகள்தான். நான் எடுத்தது வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல். கணக்குப்பதிவியலுக்கு மட்டும் டுடோரியல் போனேன், மற்றதைச் சொந்தமாகப் படித்தேன். கம்பெனியில் டையிங், பிரின்டிங், எம்ப்ராய்டரி ஜாப் வொர்க் பில்கள் எல்லாம் ஆபீஸ் மேஜையில் குவிந்து கிடக்கும். பற்று வரவு புரிந்த பிறகு அவை வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தன. அனுப்பிய எடைக்கும் திரும்பி வந்த எடைக்கும் வித்தியாசம் எங்கே போனது என்று கேட்க இப்போது எனக்குத் தெரியும். அக்கவுன்ட்ஸில் ஆள் வராத நாளில் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

பிளஸ் 2 எதற்கு, நேராக டிகிரி போடலாமே என்று எனக்கும் சொன்னார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே இதனால் ஒருவர் அடிபட்டிருக்கிறார். என் நாத்தனார் பத்தாவது முடித்ததும் கல்யாணமானவர், நன்றாகப் படிப்பார். அருகிலிருந்த ஒரு படிப்பு மையத்தில், "பிளஸ் 2 தேவையில்லை, 18 வயதானால் போதும்" என்று திறந்தநிலைப் படிப்பில் நேராக பி.ஏ. சேர்த்துவிட்டார்கள். மூன்று வருடம் படித்து, தேர்வெழுதி, பட்டமும் வாங்கினார். பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் அரசு வேலைக்குப் போனபோது சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிட்டார்கள். 2009-ல் வந்த அரசாணை 107 என்ன சொல்கிறதென்றால், பத்தாவதும் பிளஸ் 2-வும் தேறிய பிறகு பெற்ற திறந்தநிலைப் பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும். பின்னால் போய் பிளஸ் 2 எழுதினாலும் பழைய பட்டம் உயிர் பெறாது, வரிசை மாறிவிட்டதே. நாத்தனார் இப்போது பிளஸ் 2 முடித்து மறுபடி முதலிலிருந்து பட்டம் படிக்கிறார். அவருடைய அந்த மூன்று வருடத்துக்கு யார் பதில் சொல்வது? பணம் வாங்கிச் சேர்த்தவர்கள் இந்த ஒரு வரியைச் சொல்லியிருக்க வேண்டும். அதனால் பத்து, பிளஸ் 2, பட்டம் என்ற வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். குறுக்கு வழி என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். "ஒரே மாதத்தில் பத்தாவது சர்டிபிகேட்" என்று சுவரில் ஒட்டியிருப்பவர்களிடம் விசாரிக்கக்கூடப் போக வேண்டாம்.

மாநிலத் தேர்வைத் தவிர இன்னொரு நேர் வழியும் உண்டு, தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். மத்திய அரசின் கீழ் 1989-ல் தொடங்கியது. பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம், கணக்கு கட்டாயமில்லை, மனையியல் மாதிரிப் பாடங்கள் இருக்கின்றன. தேர்ச்சிக்கு 33 மதிப்பெண். ஒரு தடவை பதிந்தால் ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. கற்றல் குறைபாடு இருக்கிற பிள்ளைகளுக்கும், கணக்கைப் பார்த்தாலே உறைந்துபோகிறவர்களுக்கும் இது பெரிய வரம். ஆனால் குறி தமிழ்நாடு அரசு வேலை என்றால் என் யோசனை, சிரமப்பட்டாவது மாநிலத் தேர்வையே எழுதிவிடுங்கள் என்பதுதான். எந்த அலுவலகத்திலும் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஐ.டி.ஐ. இரண்டு வருடம் முடித்தவர்கள் தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிப்பாடங்களை மட்டும் எழுதி இணைச் சான்று வாங்கவும் வழி இருக்கிறது. எட்டாவது முடித்து ஐ.டி.ஐ. போனவருக்குப் பத்தாவதுக்கு இணை, பத்தாவது முடித்து போனவருக்குப் பிளஸ் 2-வுக்கு இணை. திருப்பூரில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் வேலையில் இருக்கிற எத்தனையோ தம்பிகளுக்கு இது தெரியாது. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.

வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்று சொல்லும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் மாமியாரும் முதலில், "இனிமே படிச்சு கலெக்டரா ஆகப்போறே?" என்றுதான் கேட்டார். நான் எதிர்த்துப் பேசவில்லை. மார்க் ஷீட் வந்த அன்றைக்கு அதை அத்தை கையில்தான் கொடுத்தேன். இப்போது பக்கத்து வீட்டு மருமகள் அங்கன்வாடி வேலைக்குப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டால், "உதவியாளருக்கே பத்தாவது கேக்குறாங்களாம், முதல்ல அதை எழுது" என்று அவரே சொல்கிறார்.

இந்த வருடம் எங்கள் லைனிலிருந்து மூன்று பேர் பத்தாவதுக்குப் பதிகிறார்கள். அவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டில் இருப்பதை இங்கேயும் போட்டுவிடுகிறேன். சேவை மையத்துக்குப் போகும்போது அசல் டி.சி., ஆதார், செய்முறைப் பயிற்சிச் சான்று, எல்லாவற்றுக்கும் இரண்டு நகல், போட்டோ. விண்ணப்பித்ததும் தரும் ஒப்புகைச் சீட்டை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஹால் டிக்கெட் இறக்க அதிலுள்ள எண்தான் தேவைப்படும். பிளஸ் 2-வுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, பிளஸ் 1 பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் எழுதிய முறை உங்களுக்குப் பொருந்தாது. பத்தாவது மார்க் ஷீட்டைக் கையோடு கொண்டுபோய், நேரடித் தனித்தேர்வருக்கு இந்த வருடம் என்ன விதி என்று சேவை மையத்திலேயே கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.